குண்டாஸும் ஆட்கொணர்வு மனுவும்: அரசின் அதிகாரத்துக்கு எல்லை வந்த வரலாறு

"குற்றவாளிக்கு என்ன மனித உரிமை வேண்டிக் கிடக்கு?" "தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்?" "சட்டத்துல இடம் இருக்கு, செய்யறாங்க. இதுல என்ன தப்பு?" கைதுச் செய்தி ஒன்று வந்தால் போதும், டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் இந்த மூன்றும் வரிசைகட்டி வந்துவிடும். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்: ஒழுங்காக நடப்பவர்களுக்கு அரசு பார்த்துக் கொடுப்பதுதான் உரிமை. உரிமைகள் வந்த வழியைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. ஒருவரை அடைத்து வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் போய் எதை எழுத்தில் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதிலிருந்துதான் உரிமைகள் பிறந்தன.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ரேஷன் அரிசி, முதியோர் உதவித்தொகை, அரசுப் பள்ளி எல்லாம் அரசு செய்ய வேண்டியவை. காரணம் சொல்லாமல் பிடித்து வைக்காதே, பேசியதற்காக உள்ளே தள்ளாதே, விசாரிக்காமல் தண்டிக்காதே என்பவை அரசு செய்யக் கூடாதவை. இந்த இரண்டாவது வகைதான் குடிமை உரிமைகள். இங்கே பேசப்போவது அவற்றை மட்டும்.

## உண்டியலுக்கு ஏன் ஒரு பூட்டு போதாது?

மீனாட்சி அம்மன் கோயிலில் உண்டியல் எண்ணும் செய்தி நாளிதழ்களில் தவறாமல் வரும். அறநிலையத் துறைக் கோயில்களில் செயல் அலுவலர் தனியாகப் போய் உண்டியலைத் திறந்துவிட முடியாது. பூட்டுகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். சாவிகள் வெவ்வேறு கைகளில் இருக்கும். மேலே முத்திரை இருக்கும். திறக்கும்போது துறையின் வேறு அதிகாரியும் அறங்காவலர் தரப்பும் உடன் இருக்க வேண்டும். பலர் பார்க்க எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்திடுவார்கள். செயல் அலுவலர் கையாடுவார் என்ற சந்தேகத்தால் வந்த ஏற்பாடு இல்லை இது. அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் நடைமுறை இதுதான். இடமாற்றலில் அடுத்து வருபவர் எப்படிப்பட்டவர் என்று யாருக்குத் தெரியும்?

லாக்கப்பின் சாவியும் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிடிப்பவர் போலீஸ். பிடித்தவரைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று சொல்பவர் மாஜிஸ்திரேட். எந்தச் செயலுக்குப் பிடிக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது சட்டமன்றமும் நாடாளுமன்றமும். மூன்று வேலையும் மூன்று கையில் இருப்பதற்கு அதிகாரப் பிரிவினை என்று பெயர்.

கோவலன் கதையில் வரும் பாண்டியன் கெட்டவன் இல்லை. தவறு தெரிந்த கணமே உயிரை விட்டவன். ஆனால் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு அவன் ஆணையிட்டபோது, "அந்த ஆளை விசாரித்தீர்களா?" என்று கேட்டு நிறுத்தும் அதிகாரம் அரண்மனையில் எவருக்கும் இல்லை. அரசன் நல்லவனாக இருப்பது ஒன்று, அவன் கைக்கு எல்லை இருப்பது இன்னொன்று. முன்னது இருந்தும் பின்னது இல்லாவிட்டால், நியாயம் கிடைக்கும்போது ஆள் இருக்கமாட்டான்.

## மைலும் நாளும் அபராதமும்

எழுத்தில் எல்லை போட்ட வரலாற்றை இங்கிலாந்திலிருந்து தொடங்குவது வழக்கம். மன்னர் ஜான் போர்ச் செலவுக்காக வரிமேல் வரி விதித்தார். பொறுக்க முடியாத பிரபுக்கள் படையோடு திரண்டார்கள். 1215 ஜூன் 15 அன்று தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில் அவரிடம் முத்திரை வாங்கினார்கள். அதுதான் மாக்னா கார்ட்டா. சுதந்திர மனிதர் எவரையும், அவருக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்கிறது அதன் 39ஆம் பிரிவு.

ஜனநாயகம் அன்றே பிறந்துவிட்டது என்பது மிகை. 'சுதந்திர மனிதர்' என்ற வட்டத்துக்குள் பண்ணையடிமைகள் வரவே இல்லை. பத்தே வாரத்தில் போப் மூன்றாம் இன்னசென்ட் அந்த ஆவணத்தைச் செல்லாது என்று அறிவித்தார். பின்வந்த மன்னர்கள் திருத்தித் திருத்தி மறுபடி வெளியிட்டதால்தான் அது உயிர் பிழைத்தது.

நானூறு ஆண்டுகள் கழித்தும் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. முதலாம் சார்லஸ் கட்டாயக் கடன் கேட்டார். தர மறுத்தவர்களைச் சிறையில் போட்டார். அவர்களில் 'நைட்' பட்டம் பெற்ற ஐந்து பேர் 1627இல் நீதிமன்றம் போனார்கள். சிறைக்காரணம் கேட்டபோது வந்த பதில்: மன்னரின் சிறப்பு ஆணை. அவ்வளவுதான். நீதிமன்றம் அவர்களை விடுவிக்கவில்லை. கொதித்துப்போன நாடாளுமன்றம் அடுத்த ஆண்டே உரிமை மனு என்ற ஆவணத்தை மன்னரை ஏற்க வைத்தது. காரணம் காட்டாத சிறைவாசம் கூடாது என்பது அதில் எழுத்தானது.

உண்மையான வேலையைச் செய்தது 1679ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம். "நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை என் முன்னால் கொண்டுவா, எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறாய் என்று சொல்" என நீதிமன்றம் சிறைக்காரருக்கு இடும் ஆணைக்குத்தான் ஆட்கொணர்வு ஆணை என்று பெயர். ஆணை அதற்கு முன்பே இருந்தது. சிறைக்காரர்கள் தப்பிக்கும் வழிகளும் இருந்தன: பதிலைத் தள்ளிப்போடுவது, கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டு "எங்களிடம் இல்லை" என்பது, நீதிமன்றத்தின் கை எட்டாத தீவுகளுக்குக் கப்பலேற்றிவிடுவது. 1679 சட்டம் ஒவ்வொரு பொந்தையும் தனித்தனியாக அடைத்தது. சிறை 20 மைலுக்குள் இருந்தால் 3 நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும். 100 மைல் வரை 10 நாள். அதற்கும் மேலே 20 நாள். செய்யத் தவறிய சிறைக்காரர் கைதிக்கே 100 பவுண்டு கட்ட வேண்டும். இரண்டாம் முறை 200 பவுண்டு, பதவியும் போகும். கடல் தாண்டி அனுப்பத் தடை.

சுதந்திரத்தைப் புகழ்ந்து அந்தச் சட்டம் நேரம் கடத்தவில்லை. மைல், நாள், அபராதம் என்று கணக்குப் போட்டது. அதனால்தான் வேலை செய்தது.

மீதியை விரைந்து கடக்கலாம். நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் மன்னர் சட்டத்தை நிறுத்திவைக்கவோ வரி போடவோ கூடாது என்றது 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம். அதுவரை கட்டியது மன்னரின் கையை மட்டும். 1791இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்கள் சட்டம் இயற்றுபவர்களின் கையையும் கட்டின: மக்கள் தேர்ந்தெடுத்த அவையே ஆனாலும் சில சட்டங்களை இயற்றக் கூடாது. இதன் முக்கியத்துவம் மதுரைப் பக்கத்தில் நடந்ததைப் பார்த்தால் சட்டென்று புரியும்.

## சட்டம் இருந்தது, உரிமை இல்லை

"சட்டத்துல இடம் இருக்கு" என்ற வாதத்துக்கு உசிலம்பட்டி வட்டாரத்தின் பதில் ஒன்று உண்டு.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911இல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு சாதியையோ கூட்டத்தையோ அரசு 'குற்றப் பரம்பரை' என்று அரசிதழில் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அதில் பிறந்தவர்கள் பெயரைப் பதிந்து கைரேகை கொடுக்க வேண்டும். நேரம் குறித்து ஆஜராக வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். பிறமலைக் கள்ளர் ஊர்களில் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். வெளியூர் போக வாங்கும் சீட்டுக்கு ராதாரிச் சீட்டு என்று பெயர். இரவில் வீட்டில் படுக்க முடியாமல் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துக் கிடந்தவர்களில், வாழ்நாளில் ஒரு வழக்கும் இல்லாதவர்களும் உண்டு.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்து ஊர் திரண்டது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தச் சட்டத்தில் மூன்று கோளாறுகள். ஒருவர் செய்ததைப் பார்க்காமல் பிறந்ததைப் பார்த்தது. பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவதுதான் மோசமானது: அரசின் அறிவிப்பு சரியா என்று நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். முறைப்படி அவையில் வைத்து, வாக்கெடுத்து, அரசிதழில் அச்சிட்ட சட்டம்தான். குறையொன்றும் இல்லாத 'சட்டப்படியான' அக்கிரமம்.

மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இதை எதிர்த்து வழக்குகளிலும் எழுத்திலும் போராடினார். அந்த மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் இதற்கு எதிராக ஊர் ஊராக மக்களைத் திரட்டினார். சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. நாடு முழுக்க அது ஒழிந்தது 1952இல். நீக்கிய கையோடு வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறொன்று வந்ததையும் சொல்ல வேண்டும். அரசு ஓர் அதிகாரத்தைக் கீழே வைத்தால், பக்கத்திலேயே இன்னொன்றை எடுக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பெருங்காமநல்லூருக்கு ஓராண்டு முன்பு, 1919 மார்ச்சில், ரௌலட் சட்டம் வந்திருந்தது. விசாரணையின்றி அடைத்து வைக்கலாம் என்றது அது. "வாதம் இல்லை, வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை" என்று மக்கள் அதை மூன்றே சொல்லில் விளக்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 6 கடையடைப்பும், ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக் படுகொலையும் இதைத் தொடர்ந்தவை. 1922இல் சட்டம் நீக்கப்பட்டது.

இதுவரை வந்ததை ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் மன்னர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். இரண்டாம் கட்டத்தில் நீதிபதி ஆளைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் பெற்றார். காலனி ஆட்சி இந்த இரண்டின் வெளித்தோற்றத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தது; சட்டமே அநியாயமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

## 1950: சட்டத்துக்கு மேலே ஒரு சட்டம்

பதில் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் இருக்கிறது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13ஆம் உறுப்பு. பேச்சு, கூட்டம், சங்கம் போன்ற சுதந்திரங்கள் 19இல். உயிரும் உடல் சுதந்திரமும் 21இல். கைதானவரின் பாதுகாப்பு 22இல். இவை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம் என்பது 32. உயர் நீதிமன்றம் போவதற்கு 226. அம்பேத்கர் 32ஆம் உறுப்பைத்தான் அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்றார். காரணம் எளிது: வழக்குப் போட இடமில்லாத உரிமை வெறும் அச்செழுத்து.

அரசமைப்பின் முதல் சோதனைகளில் முக்கியமான சில, சென்னை மாகாணத்திலிருந்தே போனவை. ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நேரு அரசு சும்மா இருக்கவில்லை. 1951இல் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகவும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்தது. கூடவே அந்தக் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் உள்ளே வந்தது. அடுத்த ஆண்டே வி.ஜி. ராவ் வழக்கில் அந்தச் சொல் கைகொடுத்தது. சென்னை அரசு ஒரு கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்திருந்தது. எதைத் தடுக்கிறாய் என்பது மட்டும் போதாது, எந்த முறையில் தடுக்கிறாய் என்பதும் நியாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, 1952இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவை அடித்தது.

ஏ.கே. கோபாலன் வழக்கு எதிர்த்திசையில் போனது. கம்யூனிஸ்ட் தலைவரான அவர் தடுப்புக்காவல் சட்டத்தில் சென்னை மாகாணச் சிறையில் இருந்தார். தடுப்புக்காவல் என்பது, செய்த குற்றத்துக்காக இல்லாமல், இனிமேல் செய்துவிடுவார் என்ற கணிப்பில் அடைப்பது. 21ஆம் உறுப்பின்படி, சட்டம் வகுத்த நடைமுறையில்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது. அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கலாமா? வேண்டாம், சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும் என்றது 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நீதிபதி ஃபசல் அலி அதை ஏற்கவில்லை, அவர் சிறுபான்மையாகிவிட்டார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவர்கள் எழுதிய அரசமைப்பிலேயே தடுப்புக்காவலுக்கு இடம் இருக்கிறது என்பது கசப்பான உண்மை. 22ஆம் உறுப்பைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

## மிசா காட்டிய ஓட்டை

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை அடைத்தார்கள். நீதிமன்றம் போகும் உரிமையைக் குடியரசுத் தலைவரின் ஆணை நிறுத்திவைத்தது. பல உயர் நீதிமன்றங்கள் அதையும் மீறி ஆட்கொணர்வு மனுக்களை ஏற்றன. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கதவை மூடியது: நெருக்கடி நிலையில் யாரும் ஆட்கொணர்வு கேட்க முடியாது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா, தலைமை நீதிபதியாகும் வாய்ப்பை அவர் இழந்தார்.

பூட்டெல்லாம் இருந்தும் உண்டியல் திறந்துகொண்ட இடம் இது. பிறகு மூன்று பழுது பார்த்தார்கள். 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கு: காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டை முடக்கியதிலிருந்து எழுந்த அந்த வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் தன்னிச்சை இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கோபாலன் வழிக்கு முடிவுகட்டியது. அதே ஆண்டின் 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் உறுப்புகளை நிறுத்திவைக்க முடியாது என்றது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற நெகிழ்வான காரணத்தை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று இறுக்கியது. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில்.

## அரசு தலையிடாமல் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, வழியை மறித்து நின்றது ஊர் வழக்கம். அரசு பிறகு சட்டம் போட்டு நுழைவைப் பாதுகாத்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கியபின் பத்து ஆண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடாமல் தடுத்ததும் போலீஸ் இல்லை. 2006இல் மாவட்ட நிர்வாகம் இறங்கி வேலை செய்த பிறகே தேர்தல் நடந்தது. அதனால்தான் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பு அரசோடு நிற்காமல் எல்லாரையும் கட்டுகிறது. அதிகாரத்துக்கு எல்லை போடுவதைப் பற்றிப் பேசும்போது, அது வேலை செய்ய வேண்டிய இடத்தில் கைகட்டி நிற்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

## கைது: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

இத்தனை நூற்றாண்டுப் போராட்டமும் இன்று காவல் நிலையத்தில் சில தாள்களாகவும் மணிக்கணக்காகவும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது. எண்கள் மாறினாலும் அடிப்படை பழையதுதான்.

ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றம் என்றால் கைது தானாக நடக்கக் கூடாது. பெரும்பாலும் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். கைதுதான் செய்வேன் என்றால் ஏன் தேவை என்று எழுதி வைக்க வேண்டும். கைது செய்யும் போலீஸ்காரர் தெளிவாகத் தெரியும் பெயர்ப்பட்டையோடு இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். அதை எழுத்திலேயே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் அழுத்தமாகச் சொல்லி வருகிறது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். சூரியன் மறைந்தபின் விடியும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது; தவிர்க்க முடியாத நிலையில், பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். இவற்றில் பலவற்றின் வேர் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த டி.கே. பாசு தீர்ப்பு.

பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். "விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று முந்தின நாள் மாலையே கூட்டிப்போவார்கள். குறிப்பில் மறுநாள் மதியம் கைது என்று எழுதுவார்கள். தாளில் 24 மணி நேரம் தாண்டியிருக்காது. முன்பெல்லாம் குடும்பத்தார் வக்கீலைக் கேட்டு முதல் வேலையாகத் தந்தி கொடுப்பார்கள். தந்தியில் நாளும் நேரமும் பதிவாகும்; பின்னால் "அன்றே தந்தி கொடுத்திருக்கிறோமே" என்று நீதிமன்றத்தில் காட்டலாம். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுவிட்டது. இப்போது அந்த வேலையை காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ அனுப்பும் மின்னஞ்சலும் 100க்குச் செய்யும் அழைப்பும் செய்கின்றன. எந்த நிலையத்தார், எத்தனை மணிக்கு, எங்கிருந்து கூட்டிப்போனார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோபமாக நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த மூன்று விவரம் பெரிது.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவது சடங்கு இல்லை. உடலில் காயம் இருக்கிறதா, காரணம் சொன்னார்களா, வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டியது அவர் கடமை. அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். மருத்துவச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது பின்னால் மிகப் பெரிய சாட்சியாகும். இதற்குப் பிறகு தொடரும் அடைப்புக்கு ரிமாண்ட் என்று பெயர். போலீஸ் கையில் இருக்கும் காவல் மொத்தம் 15 நாளைத் தாண்டக் கூடாது; மீதியெல்லாம் சிறையில் நீதிமன்றக் காவல். 60 நாளில், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை வராவிட்டால் பெயில் உரிமையாகிவிடும். வணிக அளவு கஞ்சா வழக்கில் 180 நாள். ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும். பலர் கோட்டை விடுவது இதில்: அந்த உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. நாள் முடிந்தவுடன், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன், மனுப் போட்டால்தான் உண்டு. மறுநாள் காலை போலீஸ் முந்திக்கொண்டால் போச்சு.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தொலைபேசி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது.

"குற்றவாளிக்கு என்ன உரிமை?" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. இந்தக் கட்டத்தில் அவர் குற்றவாளியா என்று யாரும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிப்பதற்காக ஏற்பட்ட நடைமுறைதான் இது.

நடைமுறை உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூனில் சாத்தான்குளம் காட்டியது. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்த விவகாரத்தில் கைதான தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கு நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை என்றதும், அந்த நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னது. நடுவரின் அறிக்கையில் ஒரு விவரம் உறுத்தியது. சிசிடிவியில் பதிவை வைத்திருக்கப் போதுமான இடம் இருந்தும், தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

## குண்டாஸ் என்றால் தண்டனையா?

"குண்டாஸ்ல போட்டுட்டாங்க, ஒரு வருஷம் உள்ள" என்ற பேச்சில் ஒரு பிழை இருக்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் தடுப்புக்காவல் சட்டம். அதில் விசாரணையோ தீர்ப்போ தண்டனையோ கிடையாது. வெளியே விட்டால் பொது ஒழுங்கு கெடும் என்று மதுரை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும், மற்றப் பகுதிகளில் ஆட்சியரும் கருதி இடும் ஆணைதான் அது. ஓராண்டு என்பது உச்ச வரம்பு.

விசாரணை இல்லாததால், மற்ற பூட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பிடிவாதம் பிடிக்கின்றன. ஆணைக்கான காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும். மாநில அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டால் ஆணை காலாவதி. 3 வாரத்துக்குள், இந்த ஆணைகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுவிடம் போக வேண்டும். குழு, காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்; போதிய காரணம் இல்லை என்றால் அரசு விடுவித்தே ஆக வேண்டும். இதற்கிடையில் கைதி அரசுக்கு முறையீடு அனுப்பலாம்.

இந்த ஆணைகளை எதிர்த்து ஒத்தக்கடை அருகே உள்ள மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுக்கள் தொடர்ந்து வருகின்றன. 2004 ஜூலை 24க்கு முன்பு இதற்குத் தென் மாவட்டத்தார் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. மனுவைக் கைதியே போட வேண்டும் என்றில்லை. மனைவியோ தாயோ போடலாம். இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்கும். பல ஆணைகள் ரத்தாவது சின்னச் சின்னக் காரணங்களால் என்று பலருக்கு எரிச்சல் உண்டு: முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகலில் எழுத்தே தெரியவில்லை, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரவில்லை, பெயில் மனுவே போடாதவரை "பெயிலில் வரப்போகிறார்" என்று எழுதியது. இவை சின்னவை இல்லை. விசாரணை இல்லாமல் அடைபட்டவருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அந்த முறையீடு. அவருக்குப் புரியாத தாளை வைத்துக்கொண்டு எதற்கு எப்படிப் பதில் எழுதுவார்?

ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றம் அவர் குற்றம் செய்தாரா என்று பார்ப்பதில்லை. அடைத்த முறை சரியா என்று மட்டும் பார்க்கும். அதனால் குண்டாஸ் ரத்தானதும் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று மாலையோடு சிறை வாசலில் போய் நிற்கக் கூடாது. எந்த வழக்கை அடிப்படையாக வைத்துக் குண்டாஸ் போட்டார்களோ, அந்த வழக்கின் ரிமாண்ட் தனியாக நிற்கும். அதில் பெயில் வாங்கி, ஜாமீன்தாரர்களின் கையெழுத்தோடு நீதிமன்றத்திலிருந்து விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வெளியே விடுவார்கள். விவரம் தெரிந்த வக்கீல்கள் ஆட்கொணர்வு மனு நிலுவையில் இருக்கும்போதே அந்த பெயில் மனுவையும் தயாராக வைத்திருப்பார்கள்.